தரையில் விடுங்கள்... தானே நிற்கும்!

ஒன்பதாவது மாத வாக்கில் பல வீடுகளில் இது நடக்கும். நடு இரவில் குழந்தை வீரிட்டு அழும். விளக்கைப் போட்டுப் பார்த்தால், கட்டில் சட்டத்தையோ ஜன்னல் கம்பியையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். பசி இல்லை, வயிற்றுவலி இல்லை, கண் திருஷ்டியும் இல்லை. எழுந்து நிற்கத் தெரிந்துவிட்டது. திரும்ப உட்காரத்தான் தெரியவில்லை. படுக்கவைத்த இரண்டாவது நிமிடம் மறுபடி எழுந்து நிற்கும், மறுபடி அழும்.

பெற்றவர்களின் தூக்கம் தொலைகிற அந்த நாட்களில்தான் குழந்தை தன் முதல் வருடத்தின் மிகக் கடினமான வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அது தானாகவே கற்கிறது. ஆனால் கற்பதற்குத் தரை வேண்டும், பொழுது வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். இன்றைய வீடுகளில் குழந்தைக்கு அதிகம் கிடைக்காமல் போவது தரைதான். மடி, தொட்டில், பவுன்சர், கார் சீட், வாக்கர் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைக் கட்டுண்டே கழிக்கும் குழந்தைகள் பெருகிவிட்டார்கள். இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழந்தையைத் தரையில் விடுங்கள்.

கழுத்தில் தொடங்கும் வேலை

நிற்பது கால் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நினைக்கிறோம். அது கழுத்தில் தொடங்குகிறது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. அந்தக் கனத்தைத் தாங்க முதலில் கழுத்து உறுதியாக வேண்டும். பிறகு தோள், முதுகு, இடுப்பு, கடைசியில்தான் கால். பிறக்கும்போது முதுகெலும்பு ஒரே வளைவாக முன்பக்கம் கவிந்திருக்கிறது. தலையைத் தூக்கத் தூக்கக் கழுத்துப் பகுதியின் வளைவும், நிற்கவும் நடக்கவும் தொடங்கியபின் இடுப்புப் பகுதியின் வளைவும் உருவாகின்றன. நிமிர்ந்து நிற்கும் முதுகை ஒவ்வொரு குழந்தையும் தன் முயற்சியால்தான் பெறுகிறது.

அதனால்தான் குப்புறப் படுக்கும் நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. தூங்கும்போது குழந்தை மல்லாந்துதான் படுக்க வேண்டும். திடீர் மரணத்தைத் தவிர்க்க மருத்துவர்கள் சொல்லும் விதி அது, அதில் மாற்றமில்லை. விழித்திருக்கும்போது, யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, குப்புறப் போட வேண்டும். முதல் வாரங்களில் அப்பாவின் நெஞ்சின்மேல் ஓரிரு நிமிடம் போதும். பிறகு பாயில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். முதலில் அழும். முகத்துக்கு நேரே நீங்களும் குப்புறப் படுத்துப் பேசுங்கள், அழுகை குறையும்.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இந்த வரிசையை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்றார்கள்: கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, தலையைத் தூக்கி ஆடும் நிலை. ஒன்பதாம் மாதம் சப்பாணி, உட்கார்ந்து கை கொட்டும் பருவம். ஒரு வயதையொட்டி வருகைப் பருவம், தளர்நடையிட்டு வரும் குழந்தையை அழைப்பது. பெரியாழ்வார் கண்ணனின் தளர்நடைக்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். இன்று குழந்தை மருத்துவர் கையில் இருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு இந்த வரிசை பெருமளவு ஒத்துப்போகிறது.

பிறந்த குழந்தையைத் தூக்கிப் பிடித்துப் பாதம் தரையில் படும்படி வைத்தால் காலை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும். 'இப்பவே நடக்கப் பார்க்குது' என்று வீடே சிரிக்கும். இரண்டு மாதத்தில் அது மறைந்துவிடும். மூளை வளர வளர அந்த அனிச்சைச் செயல் அடங்கிவிடுகிறது என்றுதான் நெடுநாள் விளக்கம் சொல்லிவந்தார்கள். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் எஸ்தர் தெலனும் அவருடைய குழுவினரும் 1980களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். காலடி வைப்பது குறைந்துபோன குழந்தைகளை நெஞ்சளவுத் தண்ணீரில் பிடித்தபோது மறுபடி அடி எடுத்து வைத்தன. மறைந்தது திறமை அல்ல. அந்த மாதங்களில் காலில் கொழுப்பு சேர்ந்து கனம் கூடுகிறது. தூக்கும் அளவுக்குத் தசையில் வலு இன்னும் வரவில்லை. தண்ணீர் கனத்தைக் குறைத்ததும் கால் தானே வேலை செய்தது. நிற்பதற்கு மூளை மட்டும் தயாரானால் போதாது, எடைக்கேற்ற வலுவும் வேண்டும் என்பதை இந்த எளிய சோதனை காட்டியது. அந்த வலு வருவது உருண்டும் வயிற்றால் நீந்தியும் தவழ்ந்தும்தான்.

எப்போது நிற்கும்?

பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டது என்பதுதான் தாய்மார்களின் நிம்மதியைக் கெடுக்கும் முதல் செய்தி. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். அதன்படி, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது சராசரியாக ஏழரை மாதத்தில் வருகிறது. ஆனால் ஆரோக்கியமான குழந்தைக்கு அது 4.8 மாதத்திலும் வரலாம், 11.4 மாதத்திலும் வரலாம். பிடிக்காமல் தனியாக நிற்பது சராசரியாகப் 11 மாதத்தில், வரம்பு 6.9 மாதம் முதல் 16.9 மாதம் வரை. தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை.

தனியாக நிற்பதில் மட்டும் 10 மாத இடைவெளி இருக்கிறது! இந்த இரண்டு எல்லைகளுக்கு இடையில் எங்கே நின்றாலும் அது இயல்புதான். ஸ்விட்சர்லாந்தின் ஸூரிச் நகரில் ஆரோக்கியமான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பதினெட்டு வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், சீக்கிரம் நடந்த குழந்தைகள் பிற்காலத்தில் கூடுதல் அறிவோடு இருந்ததாகக் காணவில்லை. ஆகவே குடும்ப விசேஷத்தில் யாராவது "இன்னுமா நிக்கல?" என்று கேட்டால், அந்தக் கேள்வியை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கேட்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிரசவித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண்ணிடம் கேட்கக்கூடிய நல்ல கேள்விகள் வேறு எத்தனையோ இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் சுமார் 4 சதவீதக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. சில குழந்தைகள் வயிற்றால் நீந்தும், சில உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு நகரும், சில நேரே எழுந்து நின்றுவிடும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அதிலிருந்து எடுத்தே விட்டது. ஒரு வயதில் பிடித்து எழுந்து நிற்பதை வைத்துக்கொண்டது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று வயது பத்து மாதம் என்றால், வளர்ச்சியைப் பொறுத்தவரை அது எட்டு மாதக் குழந்தை. இரண்டு வயது வரை இந்தக் கணக்கைத்தான் மருத்துவர்களும் பார்ப்பார்கள். இது தெரியாமல் எத்தனையோ அம்மாக்கள் வீணாகக் கலங்கியிருக்கிறார்கள்.

பிடித்து எழுவது முதல் கைவிட்டு நிற்பது வரை

முதலில் கைதான் எல்லா வேலையும் செய்யும். சோபாவின் விளிம்பைப் பிடித்து, கையால் உடம்பை மேலே இழுக்கும். இரண்டு காலும் சேர்ந்தே நிமிரும். சில வாரங்களில் அழகான ஒரு மாற்றம் வரும். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மறுகாலின் பாதத்தை முன்னால் வைத்து, அந்தக் காலை அழுத்தி எழும். உந்துதல் கையிலிருந்து காலுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்து, சுவரையோ கட்டிலையோ பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும். பிறகு ஒருநாள் கையிலிருக்கும் பொம்மையில் லயித்து, பிடித்திருந்ததை விட்டதே தெரியாமல் நிற்கும். தெரிந்த நொடியில் பொத்தென்று உட்காரும்.

நாம் நிற்கும்போது அசையாமல் நிற்பதாகத்தான் தோன்றும். உண்மையில் உடம்பு எந்நேரமும் முன்னும் பின்னும் மிக மெல்ல ஆடிக்கொண்டே இருக்கிறது. பாதத்தின் தோல், மூட்டு, உட்செவி, கண் இத்தனையும் அனுப்பும் சேதியை வைத்து மூளை ஒவ்வொரு கணமும் அதைச் சரிசெய்கிறது. குழந்தை இதில் கண்ணை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை எடின்பரோவில் டேவிட் லீயும் எரிக் ஆரன்சனும் 1974-ல் காட்டினார்கள். தரை அசையாமல் இருக்க, சுவர்கள் மட்டும் நகரும்படி ஓர் அறையை அமைத்தார்கள். புதிதாக நிற்கக் கற்ற குழந்தைகளை அதற்குள் நிறுத்திச் சுவரை நகர்த்தியதும் தள்ளாடின, பல விழுந்தன. யாரும் அவற்றைத் தொடவே இல்லை. இதை நினைவில் வைத்தால், நிற்கப் பழகும் குழந்தையைச் சுற்றி ஆளாளுக்குக் குறுக்கும் நெடுக்கும் ஓடக் கூடாது என்பது புரியும்.

இன்னொரு ஆய்வு பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படுவது. புதிதாக நிற்கும் குழந்தையின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்தால் உடம்பின் ஆட்டம் குறைகிறது. பொம்மையைப் பார்ப்பதற்காக உடம்பைத் தானே நிலைப்படுத்துகிறது. ஆகவே 'நில்லு, நில்லு' என்று கை தட்டுவதைவிட, ஒரு கிலுகிலுப்பையைக் கொடுப்பது மேல்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தரையைத் துடைத்து, ஒரு பாயையோ ஜமக்காளத்தையோ விரித்து விடுங்கள். மெத்தை வேண்டாம், பாதம் புதைகிற இடத்தில் நிற்கப் பழக முடியாது. வீட்டுக்குள் செருப்பும் ஷூவும் தேவையே இல்லை. வெறுங்காலின் விரல்கள் தரையைப் பற்றுகின்றன, தோல் தரையை உணர்கிறது. சாக்ஸ் டைல்ஸ் தரையில் வழுக்கிவிடும். ஷூ மாட்டினால் பாதம் வலுப்படும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். வெளியே போகும்போது, சூட்டிலிருந்தும் கல் முள்ளிலிருந்தும் காப்பதற்கு மட்டுமே அது.

குழந்தையின் மார்பளவு உயரமுள்ள, அசையாத ஒரு மரப்பெட்டி அல்லது கனமான ஸ்டூல் இருந்தால் போதும், நிற்கப் பழகும் கருவி தயார். அதன்மேல் குழந்தைக்குப் பிடித்த கிண்ணத்தையோ கரண்டியையோ வையுங்கள். எழுந்து நின்று எடுக்கும். சில நாட்கள் கழித்துப் பொருளை ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள். நகர்ந்து வந்து எடுக்கும். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் கூடவே கூடாது. பிடித்து இழுத்தால் அது குழந்தையின் மேலேயே சாயும்.

உட்காரக் கற்றுக்கொடுப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நின்றுகொண்டு அழும் குழந்தையைச் சட்டென்று தூக்கிவிடாமல், இடுப்பைப் பிடித்து, முட்டியின் பின்புறத்தை மெல்ல அழுத்தி மடக்கி, உட்காரவையுங்கள். பகலில் விளையாட்டாகப் பலமுறை செய்தால் இரவு அழுகை தானாகக் குறையும். பிடிமானம் தருவதானால் இடுப்பில் தாருங்கள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நடத்தும்போது குழந்தையின் எடை நம் கையில் தொங்குகிறது. தன் சமநிலையை அது தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. ஒற்றைக் கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்குவதோ ஆபத்து. முழங்கை மூட்டு நழுவிவிடும். குழந்தைகள் மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கிற காயம் இது.

சீக்கிரம் நிற்கவைத்தால் கால் வளைந்துவிடும் என்ற பயம் தேவையற்றது. எல்லாக் குழந்தைக்கும் கால் கொஞ்சம் வில்லாகத்தான் இருக்கும், இரண்டு வயதுவாக்கில் நேராகும். பாதம் தட்டையாகத் தெரிவதும் அப்படித்தான். உள்ளங்காலின் கொழுப்பு குறைந்து வளைவு தெரிய சில வருடங்கள் ஆகும். இடுப்பில் தூக்கிவைத்தால் கால் அகன்றுவிடும் என்பதிலும் உண்மை இல்லை. இடுப்பு மூட்டுக்கு அந்த அகன்ற நிலை நல்லதே. காலை நேராக நீட்டித் துணியால் இறுக்கிச் சுற்றுவதுதான் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல்.

பயிற்சிக்குப் பலனே இல்லையா என்றால், உண்டு. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே தாய்மார்கள் குழந்தையை உட்காரவும் நிற்கவும் நடக்கவும் தினமும் பழக்குவார்கள். 1970களில் அங்கே ஆராய்ந்த சார்ல்ஸ் சூப்பர், அமெரிக்கக் குழந்தைகளைவிட அவர்கள் சுமார் ஒரு மாதம் முன்னதாகவே அவற்றைச் செய்ததைக் கண்டார். பழக்காத தவழ்தலில் அந்த முந்துதல் இல்லை. அந்த ஒரு மாதத்துக்காகக் குழந்தையை வருத்த வேண்டியதில்லை; மடியில் நிறுத்திக் கொஞ்சும் வழக்கமே நல்ல பயிற்சி.

வாக்கர் வேண்டவே வேண்டாம்

பெயர்சூட்டு விழாவுக்கும் முதல் பிறந்தநாளுக்கும் மாமாவோ அத்தையோ ஆசையாக வாங்கிவரும் பரிசு வாக்கர். சக்கரம் வைத்த வட்டச் சட்டத்தின் நடுவில் குழந்தையை உட்காரவைப்பது. அன்பினால் வாங்குகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் குழந்தைக்கு வாங்கும் பொருட்களில் இவ்வளவு கெடுதலானது வேறு அதிகம் இல்லை.

வாக்கரில் குழந்தை நிற்பதில்லை, தொங்குகிறது. எடை சீட்டில் இருக்க, கால்விரல் நுனியால் தரையை உந்துகிறது. விழாமல் தாங்கும் வேலையை வளையம் செய்வதால், சமநிலையைக் கற்கும் வாய்ப்பே இல்லை. முன்னால் இருக்கும் தட்டு அதன் கண்ணிலிருந்து அதன் காலையே மறைத்துவிடுகிறது. டப்ளின் ஆய்வாளர்கள் 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையின்படி, வாக்கரில் கழித்த நேரம் மொத்தம் 24 மணி சேரும்போதெல்லாம், தனியாக நிற்பது 3.7 நாளும் தனியாக நடப்பது 3.3 நாளும் தள்ளிப்போயின. சீக்கிரம் நடக்க வேண்டும் என்று வாங்கியதே நடையைத் தாமதப்படுத்துகிறது.

அதைவிடப் பெரியது விபத்து. வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரே விநாடியில் மூன்றடிக்கு மேல் பாயும். 'பக்கத்துலதானே இருந்தேன்' என்று எந்த அம்மாவும் தன்னை நொந்துகொள்வதில் பயனில்லை. யாராலும் அந்த வேகத்தை எட்ட முடியாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, 15 மாதத்துக்கு உட்பட்ட சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் குழந்தைகள் வாக்கர் காயங்களுடன் அவசர சிகிச்சைக்கு வந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ காயம். நான்கில் மூன்று பங்கு படிக்கட்டில் உருண்டவர்கள். கனடா 2004-ல் வாக்கரை முழுவதுமாகத் தடை செய்தது. இங்கே அது இன்றும் பொம்மைக் கடை வாசலில் தொங்குகிறது. தடை வர வேண்டும். வரும்வரை நாமாவது வாங்காமல் இருக்கலாம். வீட்டில் இருந்தால், யாருக்கும் தானமாகக் கொடுத்துவிடாமல் உடைத்துப் போடுங்கள்.

நம்மிடம் அதற்கு மாற்று வெகு காலமாகவே இருக்கிறது. மூன்று சக்கர மர நடைவண்டி. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று கால் சிறுதேரை உருட்டி விளையாடுகிறார்கள். இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தைய அந்தத் தேருக்கும் கோயில் திருவிழாக் கடையில் விற்கும் நடைவண்டிக்கும் உருவத்தில் பெரிய தூரம் இல்லை. நடைவண்டியில் குழந்தை தன் காலில் நிற்கிறது, தானே தள்ளுகிறது, பாதத்தைப் பார்க்கிறது, தவறினால் விழுகிறது. ஆனால் அது நிற்கப் பழகும் கருவி அல்ல. சுவரைப் பிடித்து நன்றாக நகரத் தெரிந்தபின், சொரசொரப்பான சமதரையில், ஒருவர் கூடவே வரக் கொடுக்க வேண்டியது. வழவழப்பான டைல்ஸில் வண்டி முன்னே ஓடிவிடும்.

விழட்டும், ஆனால் பத்திரமாக

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காரென் அடால்ஃபின் குழு, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தாமாக விளையாடும்போது எண்ணிப் பார்த்தது. சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள், 17 விழுதல்கள். விழுந்த குழந்தை உடனே எழுந்து போகிறது. ஒவ்வொரு விழுதலுக்கும் வீடே அலறினால், குழந்தை விழுவதைவிட அலறலுக்குத்தான் அதிகம் பயப்படும். எட்டு, ஒன்பது மாதத்தில் விழும்போது கையை முன்னால் ஊன்றும் அனிச்சைச் செயல் வந்துவிடுகிறது. உயரம் கொஞ்சம்தான், எடையும் கொஞ்சம்தான்.

பயப்பட வேண்டியது வேறு சிலவற்றுக்கு. முதலில், குளியலறையில் தண்ணீர் பிடித்து வைத்த வாளி. பிடித்து நிற்கக் கற்ற குழந்தை வாளியின் விளிம்பையும் பிடித்து எழும், உள்ளே எட்டிப் பார்க்கும். தலை கனமானதால் குப்புறச் சரிந்தால் திரும்ப எழ முடியாது. சில அங்குலத் தண்ணீர்கூட உயிரைப் பறித்துவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். வாளியை, அண்டாவைக் கவிழ்த்து வையுங்கள். தொட்டிக்கு மூடி போடுங்கள். குளியலறைக் கதவைச் சாத்துங்கள். பிறகு, தொங்கும் ஒயர்கள், இஸ்திரிப் பெட்டி, மேசை விரிப்பின்மேல் கொதிக்கும் குழம்பு. படிக்கட்டுக்கும் பால்கனிக்கும் தடுப்பு போடுங்கள். நிற்கத் தொடங்கிய நாளே வீட்டை ஒருமுறை குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பொறுமை வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். எல்லை தாண்டிய பொறுமையும் தவறு. ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானமில்லாமல் உட்காரவில்லை, ஒரு வயதாகியும் பிடித்துக்கொண்டுகூட நிற்கவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வயது எதுவானாலும் சில அறிகுறிகளைக் கண்டதும் போக வேண்டும்: உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருப்பது, எப்போதும் ஒரு பக்கக் கை காலை மட்டும் பயன்படுத்துவது, எந்நேரமும் விரல் நுனியிலேயே நிற்பது, ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் போவது. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம்.

வைட்டமின் டி குறைவும் ரத்தசோகையும்கூட நிற்பதைத் தாமதப்படுத்தும், சரிசெய்யக்கூடியவை. மூளை, தசை, இடுப்பு மூட்டுக் கோளாறுகளுக்கோ சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன். ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் போகிறீர்களே, அன்றைக்கே கேளுங்கள். மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் 2013 முதல் குழந்தைகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கென மாவட்ட அளவில் ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்களும் இயங்குகின்றன. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகள் கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பயிற்சி அளிக்கின்றன.

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு" என்று யாராவது சமாதானம் சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றரை வயது தாண்டிய குழந்தைக்கு அதைச் சொல்ல வேண்டியவர் பரிசோதித்துப் பார்த்த மருத்துவர் மட்டும்தான். நாளைக்கே அழைத்துப் போங்கள்.